பைப் புகையிலை உலர்வதும் முதிர்வதும்: பதம் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகள் மூடியே இருந்த ஜாடியைத் திறக்கிறோம். உள்ளே இலை கறுத்து, இறுகி, விறைப்பாகக் கிடக்கிறது. நன்றாக முதிர்ந்துவிட்டது என்று ஒருவர் மகிழ்வார். காய்ந்துவிட்டது என்று இன்னொருவர் தண்ணீர் தெளிக்கக் கிளம்புவார். யார் சொல்வது சரி என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இலையிலிருந்து ஈரம் வெளியேறுவது ஒரு மாற்றம். இலைக்குள் இருக்கும் சர்க்கரையும் அமிலங்களும் காலப்போக்கில் உருமாறுவது வேறொரு மாற்றம். முதலாவதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இரண்டாவதைத் திருப்பவே முடியாது. இரண்டும் ஒரே ஜாடிக்குள் ஒரே சமயத்தில் நடக்கலாம் என்பதால்தான் இத்தனை குழப்பம். கையாலும் தராசாலும் இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் சேமிப்பில் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எத்தனை ஆண்டு முதிர்ந்தாலும் புகையிலை கெடுதல் குறைந்ததாக ஆகிவிடுவதில்லை. வயதானது மென்மையாக இருக்கிறது என்பது நாக்கின் அனுபவம் மட்டுமே. வாய்ப் புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் அந்த மென்மை தெரியாது. இனிப்பு மணம் வீசும் ஜாடிகள் குழந்தைகளை ஈர்க்கும். நிகோட்டின் குழந்தைகளுக்கு நஞ்சு. ஆகவே சேமிப்பு அலமாரிக்குப் பூட்டு வேண்டும்.

படி 1: திறந்த அன்றே கைப்பதம் பாருங்கள்

பின்னால் வரும் மாற்றத்தை அளக்க, தொடக்கம் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் அழுத்தி விடுங்கள். உருண்டையாகவே ஒட்டி நின்றால் ஈரம் அதிகம். மெல்ல விரிந்து இழைகள் தாமாகப் பிரிந்தால் புகைக்கும் பதம். நொறுங்கித் தூளானால் காய்ந்துவிட்டது. தகடாக வெட்டிய ஃப்ளேக் என்றால் அதை வளைத்துப் பாருங்கள். விரிசலே இல்லாமல் மடிந்தால் நல்ல ஈரம். ஓரத்தில் மட்டும் கீறல் விட்டால் நடுத்தரம். படக்கென்று முறிந்தால் வறட்சி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. மேற்பரப்பு, நடுப்பகுதி, கண்ணாடியை ஒட்டிய பகுதி என்று மூன்று இடங்களில் தொட்டுப் பார்த்தால்தான் ஜாடியின் உண்மை நிலை தெரியும்.

கை ஏமாறும் இடமும் உண்டு. வாசனையூட்டிய கலவைகள் பலவற்றில் புரோபிலீன் கிளைக்கால் அல்லது கிளிசரின் சேர்த்திருப்பார்கள். இவை ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு, தாமும் இலையை மென்மையாக்குகின்றன. எனவே தண்ணீர் குறைந்த பிறகும் இலை பிசுபிசுப்பாகவே இருக்கும். இப்படிப்பட்ட கலவையை இன்னும் ஈரமாக இருக்கிறதே என்று மணிக்கணக்கில் காயவைத்தால் மணம்தான் போகும், பிசுபிசுப்பு போகாது.

படி 2: எந்த இலை, எந்த வெட்டு?

எல்லாப் புகையிலையும் ஒரே மாதிரி வயதாவதில்லை. இதற்கான காரணம் பதப்படுத்தும் கொட்டகையிலேயே தொடங்கிவிடுகிறது.

வர்ஜீனியா இலையைச் சூடான காற்றில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் உலர்த்துவார்கள். வெப்பம் இலையின் உயிரணுக்களை விரைவில் நிறுத்திவிடுவதால் அவற்றில் இருந்த சர்க்கரை செலவாகாமல் தங்கிவிடுகிறது. பர்லி இலை நிழலில் வாரக்கணக்கில் காற்றாடத் தொங்கும். அந்த நாட்களில் இலை மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டே தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடுகிறது. முதிர்வில் அதிகம் உருமாறுவது சர்க்கரைதான். அதனால்தான் வர்ஜீனியா ஆண்டுக்கு ஆண்டு கறுத்து, ஒட்டும் தன்மை பெற்று, சில சமயம் படிகமும் பூக்கிறது. பர்லியோ வைத்தது வைத்தபடி கிடக்கிறது. பர்லிக்கு இன்னொரு குணம் உண்டு: அதன் இலை உறிஞ்சும் தாளைப் போன்றது. தெளித்த சாறுகளை வேகமாக வாங்கும்; மூடி சரியில்லாவிட்டால் ஈரத்தையும் அதே வேகத்தில் விட்டுவிடும்.

வெயிலில் உலரும் ஓரியண்டல் இலை சிறியது, மெல்லியது. சர்க்கரை ஓரளவு உள்ளதால் நிதானமாக முதிரும். நெருப்புப் புகையில் பதமான லட்டாக்கியாவுக்குக் காலம் நண்பன் இல்லை. அதன் புகைமணம் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும். இழையின் பதம் பெரிதாக மாறாது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் செயின்ட் ஜேம்ஸ் பகுதிக்கே உரிய பெரிக், பீப்பாயில் அழுத்தத்தின் கீழ் ஏறத்தாழ ஓராண்டு நொதித்த பிறகே நம் கைக்கு வருகிறது. அதன் பயணத்தில் பெரும்பகுதி முன்பே முடிந்துவிட்டது. ஆனால் வர்ஜீனியாவோடு சேர்ந்து கிடக்கும்போது இரண்டின் கூர்மையும் தணிந்து ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. நீண்ட காலம் சேமிக்க எதை வாங்கலாம் என்று கேட்டால், அழுத்தித் தகடாக்கிய வர்ஜீனியாவும் வர்ஜீனியா-பெரிக் கலவையும்தான் என்பேன். வெப்பமும் அழுத்தமும் கொடுத்து மென்மையாக்கி, மேல்மணம் தெளித்த கேவண்டிஷ் வகைகளைப் பல ஆண்டுகள் வைப்பது வீண். அவற்றின் கவர்ச்சியே அந்த மணம்தான். முதலில் ஓடிப்போவதும் அதுவே.

வெட்டும் முக்கியம். நாடா போன்ற ரிப்பனுக்கும் நூல் போன்ற ஷாகுக்கும் பரப்பளவு அதிகம். திறந்து வைத்தால் விரைவில் காயும். ஃப்ளேக் மெதுவாகக் காயும். கட்டியாக இருக்கும் பிளக்கும் முறுக்கிய ரோப்பும் வெளியே கல் போல இறுகிவிட்ட பிறகும் உள்ளே ஈரமாக இருக்கலாம். இவற்றின் வெளித்தோலை மட்டும் தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

படி 3: சேமிக்கும் முன் ஈரத்தைத் தீர்மானியுங்கள்

புகைக்கும் பதம் வேறு, சேமிக்கும் பதம் வேறு. டின்னிலும் பையிலும் வரும் புகையிலை பெரும்பாலும் புகைக்கத் தேவையானதைவிடச் சற்று ஈரமாகவே இருக்கும். முதிர வைப்பதற்கு அந்த ஈரம் உதவும். மொறுமொறுப்பாகக் காய்ந்த இலையில் உருமாற்றம் மிக மந்தமாகிவிடும். அதே சமயம் சொதசொதப்பான இலையை மூடி வைத்தால் பூசணத்துக்கு அழைப்பு விடுத்ததாகும். விரலில் ஒட்டாமல், ஆனால் துவண்டு மடியும் நிலையில் மூடுங்கள்.

எண்ணில் பார்க்க விரும்புபவர்கள், ஜாடிக்குள் ஒரு சிறிய ஈரப்பதமானியை வைத்து இரண்டு நாள் மூடி வைக்கலாம். உள்காற்றும் இலையும் சமநிலைக்கு வந்தபின் 60 முதல் 65 சதவீதம் காட்டினால் கவலையின்றிச் சேமிக்கலாம். 70ஐத் தாண்டினால் சற்றுக் காயவைத்து மூடுவதே நல்லது. கருவியை நம்பும் முன் அதையும் சோதியுங்கள். சிறிய மூடியில் சமையல் உப்பை இட்டு, ஈரமணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வைத்தால் அது 75 சதவீதம் காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் 4 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் என் வாக்கு தராசுக்கே. 100 கிராம் புகையிலையில் ஈரம் 20 சதவீதம் என்றால் 20 கிராம் தண்ணீர், 80 கிராம் உலர்பொருள். இதே புகையிலை 13 சதவீத ஈரத்துக்கு வரும்போது அதன் எடை சுமார் 92 கிராமாக இருக்கும். 8 கிராம் தண்ணீர் போனதற்கே ஈரமான நிலையிலிருந்து நல்ல புகைபதம் வரை இலை மாறிவிடுகிறது. ஈர சதவீதம் தெரியாவிட்டாலும் இந்த வழியைக் கையாளலாம்: வாங்கிய 50 கிராமை எடை போட்டுப் பரப்பி, கைப்பதம் சரியாக வரும் நேரத்தில் மீண்டும் எடை போடுங்கள். 46 கிராம் என்றால் அந்தக் கலவைக்கு 0.92 உங்கள் எண். அடுத்த முறை அதே கலவை அதே ஈரத்தோடு கைக்கு வந்தால் அந்த எடை வரும்வரை காயவைத்தால் போதும்.

படி 4: பாத்திரமும் எடைச்சீட்டும்

ரப்பர் வளையமோ பூச்சோ உள்ள, இறுக மூடும் கண்ணாடி ஜாடியே சிறந்தது. மெல்லிய பிளாஸ்டிக் பை எவ்வளவு இறுக மூடினாலும் மாதக்கணக்கில் ஈரத்தையும் மணத்தையும் கசியவிடும். சில வார உபயோகத்துக்கு மட்டும் சரி. அலுமினியப் படலம் ஒட்டிய பைகள் அதைவிடப் பல மடங்கு மேல். வெற்றிடத்தால் மூடியிருக்கும் டின்களைத் திறக்காமல் அப்படியே முதிர வைக்கலாம். அவற்றின் எதிரி துரு. ஈரமான தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள்; ஓரம் துருப்பிடிக்கத் தொடங்கினால் உடனே ஜாடிக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரே பெரிய ஜாடியைவிடப் பல சிறிய ஜாடிகள் மேல். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மணம் வெளியேறி, புதுக் காற்று உள்ளே போகிறது. மெல்லிய இழைகளை ஜாடிக்குள் இலேசாக அழுத்தி நிரப்பினால் போதும். திணித்தால் அடியில் கட்டியாகிவிடும். கொஞ்சம் காற்று உள்ளே இருப்பதில் தவறில்லை. முதல் கட்ட மாற்றங்களுக்கு அந்த ஆக்சிஜன் பயன்படும். காற்றை உறிஞ்சி மூடும் பைகள் ஃப்ளேக்கை நசுக்கிவிடுவதால் எனக்கு அவற்றில் விருப்பமில்லை. மூடி இறுகும் என்பதற்காக நிரப்பிய ஜாடியைக் கொதிநீரில் வைக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அது புகையிலையை வேகவைப்பதற்குச் சமம். வயதான சாயல் நிறத்தில் வரலாம், ஆனால் மெதுவாக நடக்க வேண்டியது அதன்பின் நடக்காது.

அடுத்ததுதான் இந்த வழிகாட்டியின் மையம். மூடிய ஜாடியை அப்படியே தராசில் வைத்து, மொத்த எடையைத் தேதியோடு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். காற்றுப் புகாத ஜாடிக்குள் என்ன உருமாற்றம் நடந்தாலும் எடை மாறாது; பொருள் எதுவும் வெளியே போகவில்லையே. ஓராண்டு கழித்து எடை அப்படியே இருந்து இலை கறுத்திருந்தால் அது முதிர்வு. சில கிராம் குறைந்திருந்தால் மூடி கசிகிறது. நீங்கள் பார்ப்பது, ஓரளவேனும், வறட்சி. ஜாடியைத் திறக்காமலே தீர்ப்புக் கிடைத்துவிடுகிறது. டின்களுக்கும் இதே சோதனை பொருந்தும்.

படி 5: வைக்கும் இடம்

இருட்டு, நிதானமான வெப்பம். இவ்வளவுதான். 20 டிகிரி செல்சியஸையொட்டி இருந்தால் நன்று. சற்று ஏறினாலும் கெட்டுவிடாது, மாற்றம் வேகமாகும். தொல்லை தருவது வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான். பகலில் சூடாகும் பக்கத்திலிருந்து ஈரம் ஆவியாகி, இரவில் குளிரும் பக்கத்தில் துளியாகப் படியும். ஜாடியின் உள்சுவரில் நீர்த்துளி தெரிந்தால் அந்த இடத்தில்தான் பூசணம் முதலில் தலைகாட்டும். உறையவைக்கும் பெட்டியில் வைப்பதும் வேண்டாம். உறைந்த இலையைத் தொட்டாலே நொறுங்கும்.

படி 6: ஆண்டுகள் போகப் போக என்ன எதிர்பார்க்கலாம்?

முதல் சில வாரங்களில் நடப்பது ஈரப்பங்கீடு மட்டுமே. கலவையில் காய்ந்த இலையும் ஈரமான இலையும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிச் சமமாகின்றன. முதலில் ஆங்காங்கே விறைப்பாகவும் ஆங்காங்கே துவண்டும் இருந்த இழைகள் ஒரே பதத்துக்கு வந்திருக்கும். இதை முதிர்வு என்று நினைத்துவிட வேண்டாம்.

முதல் சில மாதங்களில் சில டின்களின் மூடி புடைத்துக்கொள்ளும். இலையின் உருமாற்றத்தில் வெளிப்படும் வாயுதான் காரணம். திறக்கும்போது சீறல் கேட்கும். பயப்பட ஒன்றுமில்லை, மூடி கசியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஓராண்டு, ஈராண்டு கடந்தபின் வர்ஜீனியா தன் வேலையைக் காட்டத் தொடங்கும். மஞ்சளும் செம்பழுப்புமாக இருந்த தகடுகள் ஒரே பழுப்புக்கு வரும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மெல்ல இணைந்து கருநிறப் பொருள்களாக மாறுவதால் வரும் நிறம் இது. அடுப்பில் நிமிடங்களில் நடப்பது இங்கே ஆண்டுகளில் நடக்கிறது. தொட்டால் மேற்பரப்பில் மெழுகு தடவியது போன்ற வழவழப்பும் இலேசான ஒட்டலும் தெரியும். அடுக்கி வைத்த தகடுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு மீண்டும் கட்டியாகிவிடும். ஈரம் கூடிவிட்டதோ என்று தோன்றும். தராசு இல்லை என்று சொல்லும்.

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போனால் ஒரு விசித்திரம். ஒட்டியிருக்கும் அதே தகடு, பிரித்தெடுத்து விரலால் தேய்த்தால் முன்னைவிட எளிதாக உதிர்ந்துவிடலாம். புதிதில் நார் நாராக இழுத்த தகடு இப்போது மிருதுவாகப் பொடிபடுகிறது. உதிர்ந்த துகள் வளையும் தன்மையோடு இருந்தால் அது வயதின் மென்மை. விரலைக் குத்தும் விறைத்த துகள் என்றால் வறட்சி. அழுத்திச் செய்த கட்டிகள் இன்னும் இறுகும். ரிப்பன் வகைகள் தம் எடையாலேயே படிந்து, முன்பு ஜாடியை நிரப்பியவை கழுத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். அளவு குறைந்தது போலத் தோன்றும், எடை குறைந்திருக்காது. பர்லி அதிகமுள்ள கலவைகளில் இவற்றில் எதுவுமே பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஏமாற்றமடைய வேண்டாம், அதன் இயல்பு அப்படி.

படி 7: வெண்மை தெரிந்தால்

பழைய வர்ஜீனியாவின் மேல் வெண்புள்ளிகள் தோன்றும். அவை படிகமா பூசணமா என்பதில் அவசரப்பட்டுத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு, அலட்சியமாகப் புகைத்தவர்களும் உண்டு. விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியால் பாருங்கள். படிகம் மினுங்கும், கூர்முனை தெரியும், விரலுக்கு நறநறப்பாக இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீரில் பெரும்பாலும் கரைந்து மறையும். பூசணம் மங்கலாக, பஞ்சு அல்லது சிலந்தி வலை போல இழையோடும், சாம்பலோ பச்சையோ கலந்திருக்கும், தண்ணீரில் கரையாது. மணம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நல்ல முதிர்வில் உலர்பழ மணமோ புளிப்பு கலந்த இனிப்போ வரும். பூசணம் என்றால் ஈரத்துணியின் மக்கிய வாடை. பூசணம் உறுதியானால் முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள். தெரிந்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்து மீதியைக் காப்பாற்றும் சிக்கனம் இங்கே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே பரவியிருக்கும்.

படி 8: காய்ந்ததை மீட்டல்

எடைச்சீட்டு இருந்தால் இது சிறு கணக்கு. மூடிய அன்று இருந்ததைவிட இப்போது 4 கிராம் குறைவு என்றால், திரும்பத் தர வேண்டியது 4 மில்லிலிட்டர் தண்ணீர். முதலில் பாதியை மட்டும் கொடுங்கள். மிதமிஞ்சி நனைந்ததை மறுபடி காயவைப்பது இலையை இன்னும் நொறுக்கும்.

உதிரி இழைகளைத் தட்டில் பரப்பி, காய்ச்சி வடித்த நீரை நுண்துளியாகத் தெளித்து, புரட்டி, ஜாடியில் மூடி இரண்டு நாள் விடுங்கள். வெளியே ஈரமாகத் தெரிந்தாலும் உள்ளே சேர நேரமாகும். பிறகு கைப்பதம் பார்த்து மீதியைத் தெளிக்கலாம். ஃப்ளேக், பிளக், ரோப் ஆகியவற்றின்மேல் நேரடியாகத் தெளிக்கவே கூடாது. மேலடுக்கு மட்டும் உப்பி, அடுக்குகள் பிளந்துவிடும். கிண்ணத்தில் அவற்றை வைத்து, தொடாதபடி மேலே ஈரத்துணி போர்த்தி, ஆவியாக வரும் ஈரத்தை மட்டும் வாங்கச் செய்யுங்கள். சில மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். தடித்த பிளக்குக்குப் பல நாட்கள் ஆகலாம். துணியைத் தினமும் மாற்றுங்கள். ஆப்பிள், உருளைக்கிழங்குத் துண்டுகளைப் போட்டு ஈரமேற்றும் பழைய வழக்கம் பூசணத்தை உள்ளே அழைத்துவரும் வழி.

மீட்டபின் பதம் திரும்பும். காய்ந்தபோது ஆவியாகிப் போன மணம் திரும்பாது. தூளாகிவிட்டதும் இழையாகாது. இன்னொன்று: ஈரப்பதமானி முன்பு காட்டிய அதே எண்ணைக் காட்டினாலும், மீட்ட இலை முன்பைவிடச் சற்று வறண்டே இருக்கும். ஒருமுறை காய்ந்த இலை அதே காற்றிலிருந்து முன்பளவு ஈரத்தை வாங்குவதில்லை. இங்கேயும் கருவியைவிட எடையையே நம்புங்கள்.

படி 9: பழையதைப் புகைக்கத் தயார்செய்தல்

ஒட்டிக்கொண்ட பழைய தகடுகளை விரலால் பிய்க்காதீர்கள். மெல்லிய, மழுங்கிய கத்தியை இடையில் நுழைத்து நெம்பினால் முழுசாக வரும். பிளக்கை ஈரமாக இருக்கும்போதே கூரான கத்தியால் சீவுங்கள். காயவைத்துவிட்டு வெட்டினால் சில்லுசில்லாகத் தெறிக்கும். வெட்டிய பிறகே உலர்த்த வேண்டும்.

ஜாடியிலிருந்து எடுத்த ஈர இலையைத் தாளில் பரப்பி, விசிறியோ வெயிலோ இல்லாத இடத்தில் வையுங்கள். ரிப்பனுக்குக் கால் மணி நேரத்திலிருந்தே கைப்பதம் பார்க்கத் தொடங்குங்கள். ஃப்ளேக்குக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். முழுத் தகட்டைவிட உதிர்த்தது விரைவில் காயும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுத்து, மீதி ஜாடியை உடனே மூடி, புதிய மொத்த எடையைச் சீட்டில் எழுதிவிடுங்கள்.